பாதி நேரத்தில் முடிந்த பாடம்

நான் என் வாழ்க்கையில் பார்த்த மேடை நாடகங்கள் மொத்தம் இரண்டு. அதில் ஒன்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தேன்; வெளியே நிறுத்திய கார்களுக்கு அபராதச் சம்மன் எழுதுகிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். இந்தத் தகுதியோடுதான் பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளியில் முதலாம் படிவப் பிள்ளைகளுக்கு நாடகக் கலைச்சொற்களைக் கற்பித்து வருகிறேன். கதைமாந்தர், உரையாடல், காட்சி, அரங்கப் பொருள், ஒத்திகை, சிக்கல், உச்சம், முடிவு என்று ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொன்றும் என்ன, நாடகத்தில் அதற்கு என்ன வேலை என்று பிள்ளைகள் சொல்லவேண்டும். எனக்குத் தெரியாததை அவர்கள் கேட்டால், "நல்ல கேள்வி, நாளைக்குப் பேசலாம்" என்பேன். வீட்டில் போய்ப் படித்துவிட்டு மறுநாள் போகிற போக்கில் சொல்வதுபோல் சொல்வேன். அவர்கள் என்னைப் பெரிய நாடக மேதை என்று நம்பினார்கள். நானும் மறுத்துப் பேசவில்லை.

தொடக்கத்தில் அவர்களுக்கு இந்தச் சொற்கள் வேப்பங்காயாகத்தான் கசந்தன. அரங்கப் பொருள் என்றால் மேடையில் பயன்படுத்தும் பொருள் என்று அழகாக எழுதிக்கொண்டார்கள். சரி, அதன் வேலை என்ன என்று கேட்டால், "மேடையில் பயன்படுவது" என்றார்கள். நான் பையிலிருந்து குடையை எடுத்து வகுப்புக்குள்ளேயே விரித்தேன்.

"இப்ப என்ன தெரியுது?"

"டீச்சர் குடை கொண்டு வந்திருக்கீங்க" என்றான் ஒரு பையன்.

"அது இல்லடா. வெளியே மழைன்னு தெரியுதுல்ல? ஒரு வார்த்த பேசாம இந்தக் குடை மழையைக் கொண்டு வந்துடுச்சு பாத்தியா?"

அவன் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தான். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். ஆனாலும் அன்றிலிருந்து அந்தச் சொல் அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. யார் எதைக் கையில் எடுத்தாலும், அது அரங்கப் பொருளா இல்லையா என்று வாதாடத் தொடங்கினார்கள். அடுத்த வாரம், வசனம் எடுத்துக்கொடுப்பவரைப் பற்றிச் சொன்னேன். நடிகர் வசனத்தை மறந்து திருதிருவென்று விழித்தால், திரைக்குப் பின்னாலிருந்து அடுத்த வரியை மெல்லச் சொல்பவர். நாடகம் நின்றுபோகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. அவர் இருப்பதே பார்வையாளருக்குத் தெரியக்கூடாது. இதைச் சொல்லும்போது என் குரலில் எனக்கே ஒரு மயக்கம் வந்துவிட்டது.

இப்படி நான் மிதந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அட்டவணைப் பிரச்சினை வந்தது. எங்கள் பள்ளியில் தமிழ் காலை நேரத்திலேயே இருந்தது. பல இடங்களில் பள்ளி விட்டபிறகு, பிள்ளைகள் பசியும் தூக்கமுமாக இருக்கும் பிற்பகலில்தான் தமிழ் நடக்கும். அந்த வகையில் நாங்கள் கொடுத்துவைத்தவர்கள். இந்த ஆண்டு புதிதாக வந்த துணை முதல்வர், நாங்கள் புவான் என்று அழைக்கும் மலாய்க்கார அம்மையார், வகுப்பறைகள் போதவில்லை என்று கண்டார். தமிழைப் பிற்பகலுக்குத் தள்ளினால் அறைத் தட்டுப்பாடு தீரும் என்று கணக்குப் போட்டார். அவர் கணித ஆசிரியை, கணக்குத் தப்பாது. ஆனால் பிற்பகலுக்குப் போன தமிழ் வகுப்பு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். முதல் மாதம் எல்லாரும் வருவார்கள். அடுத்த மாதம் பாதிப்பேர் வருவார்கள். அதற்கடுத்து நானும் மின்விசிறியும்தான் இருப்போம். ஆள் இல்லாத வகுப்பை எந்தப் பள்ளியும் வைத்திருக்காது.

மலாயில் ஒரு வீர உரையைத் தயாரித்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். தாய்மொழி, பண்பாடு, அடையாளம் என்று அதில் எல்லாம் இருந்தது. புவான் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வகுப்பை ஒருநாள் வந்து பார்க்கிறேன், பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன்" என்றார். எங்களுக்கு இதற்குப் பெயர் பென்செராப்பான். மேலதிகாரி பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர் பாடம் நடத்துவதைப் பார்த்துப் புள்ளி போடுவார். எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அந்தச் சொல்லைக் கேட்டால் பாடக்குறிப்பைத் தேடி ஓடுவோம்.

ஜுருவில் பழைய கார் விற்கும் என் கணவர் இதைக் கேட்டுச் சிரித்தார். "இதுக்குப் போய் ஏன் மூஞ்சியத் தொங்கப் போடுற? ஆள் பாக்க வர்றாங்கன்னா வண்டிய அப்படியேவா காட்டுவோம்? கழுவி, பாலிஷ் போட்டு, உள்ளே வாசனை அடிச்சித்தான் காட்டுவோம்" என்றார். வேறு யாராவது சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். எனக்கோ அது ஞானோபதேசமாக இருந்தது.

பாலிஷ் போடுவது எங்கள் தொழிலில் புதிதல்ல. யாராவது பார்க்க வருகிறார்கள் என்றால், அதே பாடத்தை முந்தின நாளே ஒருமுறை நடத்திவைக்கும் வழக்கம் ஆசிரியர்களிடம் உண்டு. நான் அதோடு நிற்கவில்லை. முழுப் பாடத்தையும் வசனமாகவே எழுதினேன். பீடிகையில் நான் என்ன கேட்பேன், யார் எழுந்து என்ன சொல்வார், அதற்கு நான் எப்படி வியப்பேன், எங்கே எல்லாரும் கைதட்டுவார்கள் என்று ஒன்று விடாமல் எழுதினேன். பேச்சுப் போட்டிகளில் பரிசு வாங்கும் பையனுக்கு நீளமான விளக்கங்கள். கணீரென்று பேசும் இரண்டு பெண்களுக்குக் குட்டி நாடகம். மற்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு வரி.

ஒரு பெண்ணுக்கு மட்டும் நான் வசனமே எழுதவில்லை. அவள் மலாய்த் தொடக்கப்பள்ளியில் படித்துவிட்டு, இந்த ஆண்டுதான் முதன்முதலாகத் தமிழ் வகுப்பில் உட்கார்ந்தவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். "டீச்சர், நான் கெர்த்தாஸ் எடுத்துக் குடுக்கட்டுமா? பேனா பாவா பண்ண மறந்துட்டேன் லா" என்று, தாளுக்கும் கொண்டுவருவதற்கும் மலாய்ச் சொல்லைப் போட்டு, ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு மொழிகளையும் கட்டிப்பிடித்துச் சண்டை போடவைப்பாள். கை தூக்குவதில் மட்டும் அவளை மிஞ்ச ஆளில்லை. வாயைத் திறந்தால் என் பாலிஷில் கீறல் விழுந்துவிடுமே என்று பயந்து, தாள் கொடுக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்தேன். அது மிக முக்கியமான வேலை என்றும் சொன்னேன். அவள் என்னை நம்பியதுபோல் தலையாட்டினாள்.

புவானுக்குப் பிடிக்காவிட்டால் தமிழ் பிற்பகலுக்குப் போய்விடும் என்று பிள்ளைகளிடம் சொல்லி, இரண்டு முறை ஒத்திகை பார்த்தோம். இரண்டு முறையும் பாடம் சரியாக ஒரு மணி நேரம் ஓடியது. பாடவேளையும் ஒரு மணி நேரம்தான். இனிமேல் நானே நினைத்தாலும் இதைக் கெடுக்கமுடியாது என்று பூரித்துப்போனேன். அந்தச் சனிக்கிழமை லிட்டில் இந்தியாவுக்குப் போய், மார்க்கெட் ஸ்திரீட் ஜவுளிக்கடையில் சரிகை போட்ட மேசைவிரிப்பு ஒன்று வாங்கினேன். "என்னாக்கா, வீட்டுல பூஜையா?" என்றார் கடைக்காரர். பென்செராப்பானுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்றேன்.

அன்று காலை சேலை கட்டிக்கொண்டு போனேன். வழக்கமாக நான் பஞ்சாபி சூட்தான். மேசையில் விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூ, பலகையில் வண்ண அட்டைகள். புவான் வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். "மாணவர்களே, நேற்று மாலை நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று நான் தொடங்கினேன். இப்படி யாராவது வகுப்பில் பேசுவார்களா? நான் பேசினேன்.

பிள்ளைகள் ஒரு சொல் பிசகாமல் பேசினார்கள். பேச்சுப் போட்டிப் பையன் மூச்சுவிடாமல் விளக்கினான். குட்டி நாடகம் முடிந்தது, கைதட்டல் விழுந்தது, தாள்கள் பறந்தன, திரும்பி வந்தன. "இன்று நாம் கற்றவற்றை வாழ்வில் போற்றுவோம்" என்ற கடைசி வரியையும் சொல்லிவிட்டு, வெற்றிப் புன்னகையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பாதி நேரம் அப்படியே மிச்சம் இருந்தது.

எனக்குத் தலையில் இடி விழுந்தது. ஒத்திகையில் ஒரு மணி நேரம் பிடித்ததற்குக் காரணம் அப்போதுதான் புரிந்தது. நடுநடுவே நான் நிறுத்தித் திட்டிய நேரமும் அதில் சேர்ந்திருந்தது. "சத்தமா சொல்லு, ஏன் குனியிற, மறுபடியும் முதல்லேர்ந்து" என்று நான் கத்தியதையெல்லாம் கழித்தால் பாடம் அரைமணி நேரம்தான். அன்று ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. திட்டுவதற்கு வழியே இல்லாமல் என்னை நட்டாற்றில் விட்டுவிட்டார்கள்.

கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பலகையைத் துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தேன். புவான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளைகள் கைகட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது முன்வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது. "டீச்சர், சிக்கல்னா என்னன்னு கேளுங்க."

தாள் கொடுத்த பெண்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி சொன்னாள். நான் காது கேளாததுபோல் நின்றேன். அவள் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "சிக்கல், டீச்சர். அதுக்கு யாரும் சரியா எக்ஸாம்பிள் குடுக்கல" என்றாள். அறை முழுக்கக் கேட்டது. புவான் தலை நிமிர்ந்தார். அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று அவளிடமே மலாயில் கேட்டார்.

அவள் எழுந்து நின்றாள். "சிக்கு லூப்பா, புவான்" என்றாள். ஆசிரியை மறந்துவிட்டார் என்று அர்த்தம். நாடகத்தில் ஒருவர் வசனத்தை மறந்தால் இன்னொருவர் பின்னாலிருந்து எடுத்துக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடகம் நின்றுவிடும், அதனால்தான் உதவினேன் என்று மலாயில் மளமளவென்று விளக்கினாள். நான் பலகை அழிப்பானை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அசடு வழிந்தேன்.

புவான் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படியென்றால் இந்தப் பாடம் ஒரு நாடகமா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஆமா, புவான்" என்றாள் அவள். வேறு என்னென்ன இருக்கிறது, சொல் என்றார் புவான். அவளும் சொன்னாள். அவள் மலாய் தெளிந்த நீரோட்டமாக இருந்தது. தமிழில் நான் கேட்டே இராத நிதானம் அதில் இருந்தது. மேசைவிரிப்பும் பூவும் அரங்கப் பொருள், மற்ற நாளில் இருக்காது, ஆசிரியை ஒழுங்கானவர் என்று பார்வையாளருக்குக் காட்டுவது அவற்றின் வேலை. சேலை, ஒப்பனையில் சேரும். ஆளைப் பெரியவராகக் காட்டுவது அதன் வேலை. உரையாடல் ஆசிரியை எழுதியது. ஒத்திகை இரண்டு முறை நடந்தது. இந்த இடத்தில் பேச்சுப் போட்டிப் பையன் குறுக்கிட்டு, பார்வையாளர் புவான்தான், பார்வையாளர் இல்லாமல் நாடகம் இல்லை என்று சேர்த்துக்கொண்டான். அவ்வளவுதான், எல்லாக் கைகளும் எழுந்தன. இயக்குநர் டீச்சர், நேற்று ஒருத்தன் சிரித்ததற்காக மறுபடியும் எடுத்தார், காட்சி ஒன்றுதான், இடம் மாறவில்லை. என் குட்டு ஒவ்வொன்றாக வெளிப்பட, கலைச்சொற்கள் ஒவ்வொன்றும் பிழையில்லாமல் வந்து விழுந்தன. ஆசிரியையாக எனக்குப் பெருமை பொங்கியது. மனுஷியாக எங்கே ஒளிந்துகொள்ளலாம் என்று அலமாரியைப் பார்த்தேன்.

"நீ கேட்கச் சொன்னாயே, சிக்கல். அது எது?" என்று புவான் அந்தப் பெண்ணிடம் கேட்டார்.

அவள் திரும்பினாள். என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு, "புவானுக்கு இந்த வகுப்பு பிடிக்காவிட்டால் தமிழ் பிற்பகலுக்குப் போய்விடும்" என்றாள். "என் பள்ளி வேன் மதியம் ஒன்று நாற்பதுக்குக் கிளம்பிவிடும். அம்மாவுக்கு பாயான் லெப்பாஸில் ஃபேக்டரி வேலை, வந்து கூட்டிப்போக முடியாது. வேனை விட்டால் எனக்கு வீட்டுக்குப் போக வழியில்லை. அதனால் நான் தமிழை நிறுத்த வேண்டியிருக்கும். இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருக்கிறேன். அதுதான் சிக்கல்."

தமிழ் வகுப்பை நான் காப்பாற்றப்போகிறேன் என்று நாலு வாரமாகக் கொடி பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேனைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவள் அம்மா எங்கே வேலை செய்கிறார் என்றும் தெரியாது. அழிப்பானின் சுண்ணப்பொடி சேலையெல்லாம் அப்பியிருந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

புவான் கோப்பை மூடிவைத்தார். "முடிவு?" என்று கேட்டார்.

"முடிவை புவான்தான் எழுதணும்" என்றாள் அவள் மலாயில். கிண்டல் இல்லை, கெஞ்சலும் இல்லை. பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மணி அடிக்க இன்னும் நேரம் இருந்தது. அந்த மிச்ச நேரத்தில் என்ன செய்தோம் என்று கேட்டால், புவானே ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தார் என்றுதான் சொல்லவேண்டும். யார் எதில் வருகிறார்கள், எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறார்கள், சாப்பாடு யார் தருகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். நான் ஓரமாக நின்று மேசைவிரிப்பை மடித்தேன். வேறு வேலை எதுவும் எனக்கு அங்கே இல்லை.

இரண்டு நாள் கழித்து மதிப்பீடு என் கைக்கு வந்தது. மாணவர்களின் புரிதல் மிகச் சிறப்பு என்று எழுதியிருந்தது. ஆசிரியரின் நேர ஒழுங்கு மேம்பட வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அட்டவணையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நேரில் போய்க் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மறுபடியும் ஒரு வீர உரையைத் தயாரிக்கலாமா என்று யோசித்தேன். இம்முறை அதில் வேனும் இருக்கவேண்டும் என்று மட்டும் முடிவு செய்தேன்.

அந்த உரைக்கு வேலையே இல்லாமல் போயிற்று. அடுத்த வாரம் ஓய்வு நேரத்தில் அந்தப் பெண் மூச்சிரைக்க ஆசிரியர் அறை வாசலுக்கு ஓடிவந்தாள். சிற்றுண்டிச்சாலையில் புவான் மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். இவள் நேராகப் போய், முடிவை எழுதிவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாள். நான் ஒரு வாரமாகக் கதவைத் தட்டிக் கேட்கப் பயந்துகொண்டிருந்த கேள்வி அது.

"காலையிலேயே இருக்கட்டும்னு சொல்லிட்டாங்க, டீச்சர்! ஆனா கிளாஸ் ரூம் இல்லையாம். லைப்ரரி பின்னால உள்ள ரூமாம். செம்பிட்டா இருக்கும், பரவால்ல லா, நான் கீழ உக்காந்துக்கறேன்."

அறை நெருக்கடியாகத்தான் இருக்கும் என்பது எனக்கும் தெரியும். பழைய நாளிதழ்க் கட்டுகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கும் இடம் அது. ஆனாலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். பக்கத்து மேசைக்கார ஆசிரியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, உரிமையோடு கோபித்துக்கொள்ளும் குரலில் அவளிடம் கேட்டேன்.

"வேன் விஷயத்த ஏன்மா என்கிட்ட சொல்லவே இல்ல? நான் எத்தனை வாரமா இதுக்காக அலைஞ்சிக்கிட்டு இருந்தேன்? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவள் யோசித்தாள். என்னைக் குற்றம் சொல்லும் எண்ணம் அவள் முகத்தில் துளியும் இல்லை.

"நீங்க கேக்கலயே, டீச்சர். புவான்தான் கேட்டாங்க."